பென்சில் வட்டம்

உங்கள் அறைக்குப் பெயின்ட் அடித்தவர் சுவரைக் காயவிடவில்லை. அதோ, ஜன்னலுக்குக் கீழே உப்பிக்கொண்டு நிற்கிறதே, அது பெயின்ட்டின் குற்றம் இல்லை. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. அவர் பார்க்காமல் அடித்திருக்கலாம், பார்த்துவிட்டும் அடித்திருக்கலாம். எது என்று சுவரை வைத்துச் சொல்ல முடியாது, அடித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

என்னையும் அதைத்தான் நான்கு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சைக்கிள் பிரேமுக்குப் பெயின்ட் அடிப்பவன் நான். இருபத்திரண்டு வருடமாக ஒரே பட்டறை. அங்கே செய்த ஒரு சைக்கிளின் போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை, மலைச்சாலை இறக்கத்தில் தலையிலிருந்து பிரிந்துவிட்டது. ஓட்டியவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அது பிரியும் என்று எனக்கு முன்னமே தெரியுமா என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். ஆனால் என் வரிசைப்படி சொல்கிறேன். நேராகப் பதிலுக்குப் போனால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

பட்டறை என் அக்கா புருஷனுடையது. நான் அத்தான் என்று கூப்பிடுவேன். பத்திரிகைக்காரர்கள் 'எஃகின் கவிஞர்' என்று கூப்பிடுவார்கள். வாழ்த்து அட்டையில் இரண்டு வரி எழுதவே அக்காவைத் தேடுகிற மனிதர், ஆனாலும் பட்டம் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அவர் ஒரு பிரேம் செய்ய இரண்டு மாதம் ஆகும். வாங்குகிறவர் வந்து நின்று கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் அளவு கொடுக்க வேண்டும். தையற்காரரிடம் வயிற்றை எக்கிக்கொண்டு ஏமாற்றலாம், அத்தானிடம் நடக்காது. மெல்லிய எஃகுக் குழாய்களை அறுத்து, சேருமிடத்தில் வெளிச்சம் புகாத அளவுக்கு அராவுவார். மூட்டுக்கு மூட்டு லக் என்கிற எஃகு உறையை மாட்டி, தீ காட்டி, வெள்ளிக் கம்பியை உருக்கி உள்ளே ஓடவிடுவார். அப்புறம் அந்த உறையின் ஓரங்களை நாள்கணக்கில் அரத்தால் இழைத்து, இலை நுனி மாதிரி ஆக்கிவிடுவார். அழகான வேலைதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. யாரையும் குறைத்துப் பேசுவது என் பழக்கம் இல்லை.

வெள்ளி உள்ளே ஓடியிருக்கிறதா என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். ஓரத்தில் மட்டும் வெள்ளி நின்று, உள்ளே வறண்டு கிடந்தாலும் வெளியிலிருந்து பார்க்க ஒரு குறையும் தெரியாது. மூட்டு பிடித்திருக்காது, பிடித்த மாதிரி நடித்துக்கொண்டிருக்கும். அந்த நடிப்பைக் கண்டுபிடிக்கிற ஆள் பட்டறையில் ஒருவர்தான். அவருக்குப் பத்திரிகைக்காரர்கள் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை.

பிரேம் என்னிடம் வரும்போது மணல் பீச்சி, உடம்பெல்லாம் சிலேட்டு மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும். வெந்நீரில் கழுவிக் கொக்கியில் தொங்கவிட்டு, அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நல்ல மூட்டு உடனே காய்ந்துவிடும். கெட்ட மூட்டில் ஊசி முனையளவு துளை இருக்கும். குடித்த தண்ணீரை மெதுவாக வெளியே விடும். துடைத்தால் மறுபடி ஒரு சொட்டு வந்து நிற்கும். மூட்டு அழுகிறது என்று நான் சொல்வேன். அப்புறம் ஒரு ஸ்பூனின் காம்பால் தட்டிப் பார்ப்பேன். நல்லது கணீரென்று பேசும், கெட்டது டொக்கென்று வாயை மூடிக்கொள்ளும்.

அழுகிற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பிரேமை அத்தான் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன், அவரும் பேசமாட்டார். இரண்டு நாளில் பிரேம் திரும்பி வரும். வட்டமும் இருக்காது, துளையும் இருக்காது. இருபத்திரண்டு வருடத்தில் முப்பத்தொரு வட்டம். அதில் ஒன்றைப் பற்றிக்கூட நாங்கள் இருவரும் வாய் திறந்ததில்லை. தினமும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், கிரிக்கெட் முதல் அக்காவின் முழங்கால் வலி வரை எல்லாம் பேசுவோம், வட்டத்தைத் தவிர. அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு பேர் மூக்கும் பல்லும் முழுதாக இன்றைக்கும் ஊருக்குள் உலாத்திக்கொண்டிருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை.

பிறகு பாரம்பரியம் வந்து சேர்ந்தது.

ஒரு வேனில், மூன்று கேமராவோடு, ஐந்து பேராக வந்தது. பட்டறை தொடங்கி நாற்பது வருடம் ஆனதற்கு ஆவணப்படம் எடுக்கிறார்களாம். இயக்குநர் உள்ளே கால் வைத்ததும் தரையில் கிடந்த இரும்புத்தூளைக் கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினார். அதைத் தினமும் பெருக்கி வாருகிற எனக்கு ஒருநாளும் கண்ணீர் வந்ததில்லை, எனக்குக் கல் நெஞ்சு போலிருக்கிறது. சுவரில் இருந்த ட்யூப்லைட்டைக் கழற்றினார்கள். அத்தான் வருடக்கணக்காகத் தொடாத ஒரு சுத்தியலைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் மூன்று நாளும் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டே அலைந்தார். என் அறைக் கதவை மட்டும் சாத்திவைக்கச் சொன்னார்கள். என் கம்ப்ரசர் சத்தம் பாரம்பரியத்தைக் கெடுக்கிறதாம்.

முதல் நாள் ஒரு டாக்டருடைய பிரேம் என்னிடம் இருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு மூட்டு அழுதது. வழக்கம்போல வட்டம் போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். இயக்குநருக்குக் கழுகுக் கண்.

"இது என்ன சார், வட்டம்?" என்றார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, வட்டத்தின்மேல் வைத்துத் தேய்த்தார்.

"அது ஒண்ணுமில்ல. நம்ம பெயின்டர் சும்மா கிறுக்கி வெப்பாரு," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "யப்பா, நீ பெயின்ட்ட அடி. பாக்குற வேலை என்னோடது," என்றார்.

ஐந்து பேரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு நம்ம பெயின்டர். இவ்வளவு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் வேன் கிளம்பியதும் அவர் சத்தமில்லாமல் அந்த மூட்டைச் சூடாக்கி வெள்ளி ஓடவிட்டதையும் என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதும் கோபம் வரவில்லை. முதலாளி ஒரு வேலைப் பிரிவினையைச் சொல்லியிருக்கிறார். அடிப்பது நான், பார்ப்பது அவர். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கலாம் என்று முடிவு செய்தேன். கீழ்ப்படிவதெல்லாம் எப்போதிலிருந்து குற்றமானது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் அந்த போர்க்கைப் பற்றவைத்தார். உங்களுக்காகச் சொல்கிறேன்: முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு கால்களும் மேலே ஒரு தலைத்துண்டுக்குள் நுழையும். அங்கேதான் வெள்ளி பிடிக்க வேண்டும். தீ காட்டுவதற்கு முன்னால் பிளக்ஸ் என்று ஒரு வெள்ளைப் பசை தடவுவார்கள். பசை கண்ணாடி மாதிரி உருகும்போது கம்பியை வைத்தால் வெள்ளி தானாக உள்ளே ஓடும். அதிகமாகச் சூடு காட்டினால் பசை கருகும். கருகிய இடத்தில் வெள்ளி ஓடாது, உருண்டு கீழே விழும். அத்தான் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஆனால் இயக்குநருக்குக் கண் திறந்திருக்க வேண்டும், அதுவும் கண்ணில் தீ தெரிய வேண்டும்.

"சார், அப்படியே நிறுத்துங்க. ஜன்னலைச் சாத்திட்டு இன்னொரு தடவை," என்றார். சாத்தினார்கள். மறுபடி சூடு. "சார், தாடையக் கொஞ்சம் தூக்கி, இன்னொரு தடவை." நான்கு தடவை. இடது கால் எப்படியோ தப்பித்தது. வலது காலில் பசை கறுப்பாகிக் கரியாகி நின்றதை நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி இரண்டு முறை உருண்டு தரையில் விழுந்தது. மூன்றாவது முறை ஓரமாக ஒரு கோடு மட்டும் பூசிவிட்டு நிறுத்தினார். போதாததற்கு, சூடாக இருந்ததைத் தண்ணீர் வாளியில் முக்கச் சொன்னார்கள். சுர்ரென்று சத்தம் வந்தால் நன்றாக இருக்குமாம். வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தான் போர்க்கை வெளியே எடுத்து, வலது காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் தலையைத் தூக்கி என் அறைக் கதவைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மணல் பீச்சி என்னிடம் வந்தது. கழுவித் தொங்கவிட்டேன். பார்க்கிற வேலை என்னுடையது இல்லை என்பதால் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் காது இருக்கிறதே, சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். வலது கால் தலைத்துண்டில் நுழைகிற இடம் அழுதுகொண்டிருந்தது. துடைத்தேன், அழுதது. மறுபடி துடைத்தேன், மறுபடி அழுதது. அவ்வளவு அழுகிற மூட்டை நான் பார்த்ததே இல்லை. ஸ்பூனால் தட்டினேன். டொக்.

அடுத்து நடந்ததற்கு என் கைதான் பொறுப்பு. எனக்கே தெரியாமல் பென்சிலை எடுத்து வட்டத்தைப் போட்டுவிட்டது. முப்பத்திரண்டாவது. மணல் பீச்சிய எஃகில் பென்சில் எவ்வளவு நன்றாக எழுதும் தெரியுமா? அதை வைத்துக்கொண்டு ஒரு கப் டீ முழுவதும் குடித்தேன். எடுத்துப் போய் மேஜைமேல் வைக்கலாம். கேமரா வெளியே நின்றிருந்தது, இயக்குநரும் நின்றிருந்தார், கட்டைவிரலும் இருந்தது. சரி, அழித்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். அதற்கும் மனம் வரவில்லை. சரியாகப் போட்ட வட்டத்தை எதற்காக அழிக்க வேண்டும்?

அதனால் பெயின்ட் பீச்சுகிற கன்னை எடுத்தேன். ராத்திரி முழுக்க வேலை, ஒவ்வொரு கோட்டையும் சூட்டு விளக்கில் காயவைத்தேன். பிரைமர் இரண்டு கோட், நிறம் இரண்டு கோட், மேலே வார்னிஷ் ஒரு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் உப்புத்தாள் போட்டு இழைத்தேன். அந்தத் துளையை அடைக்க ஒரு பொட்டுப் பட்டி வைக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் உங்கள் சுவர் மாதிரி உப்பிவிடும். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. மசி நீலம். பக்கத்தில் நின்று பார்த்தால் முகம் தெரியும்.

அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சைக்கிளை ஓட்டப்போகிறவள்தான். மேல் குழாயில் அவள் பெயரைத் தங்க எழுத்தில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நான்தான் எழுத வேண்டுமாம், ஸ்டிக்கர் ஒட்டக் கூடாதாம். எழுதினேன். 'வாஷர்.'

உங்கள் காகிதத்தில் அவளுக்கு வேறு பெயர் இருக்கும். வாஷர் நான் வைத்தது. மூன்று வயதில் என் அறைக்கு வந்து, டப்பாவில் இருக்கிற வாஷர்களை எல்லாம் எடுத்துப் பத்து விரலிலும் மோதிரமாக மாட்டிக்கொண்டு, கழற்ற முடியாமல் ஊரைக் கூட்டியவள். சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். என் அக்கா பெற்றது அவள் ஒருத்தியைத்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் எனக்கும் அவள் ஒருத்திதான். ஒரு சைக்கிள் தெருவில் போனால் "இது எங்க மாமா அடிச்ச கலரு" என்று சொல்கிற ஒரே ஜீவன். அப்பா மகளுக்குச் செய்து கொடுக்கிறார், மகள் மலையிலிருந்து இறங்கி வருகிறாள், அதுதான் படத்தின் கடைசிக் காட்சி. தலைமுறை என்றார் இயக்குநர். பாரம்பரியத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். போர்க் கீச்சுக் கீச்சென்று கத்தும். அவள் இறங்கிவிடுவாள். கேமராவுக்கு முன்னால், ஐந்து பேருக்கு முன்னால், அத்தான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். மூக்குடைபடுவார், அவ்வளவுதான். எஃகு சொல்லாமல் கொள்ளாமல் உடையாது, முனகிவிட்டுத்தான் உடையும் என்பார்கள். நான் அதை நம்பியிருந்தேன். அவள் இறக்கத்தில் பிரேக்கே பிடிக்கமாட்டாள், கடைசி வளைவில்தான் முன்பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துவாள், அந்த அழுத்தம் மொத்தமும் போர்க்கின் தலையில்தான் இறங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியும். அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு உங்களிடம் சாட்சியும் இல்லை. நானாகச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, நான் சக்கரமும் பிரேக்கும் மாட்டி முடித்திருந்தேன், படக்காரர்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் சைக்கிளை எடுக்க என் அறைக்கு வந்தாள். நீலத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டே, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, வட்டம் ஏதாச்சும் போட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. "உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டுதான இருக்கேன். அப்பா செஞ்சாருன்னு நான் ஏற மாட்டேன் மாமா. நீ வட்டம் போடலன்னாதான் ஏறுவேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டுகிற நேரம்தான் எனக்கு இருந்தது, அது போதுமான நேரம். வெளியே இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். அத்தான் அந்தச் சுத்தியலோடு வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ பேசி எல்லோரும் சிரித்தார்கள்.

"பாக்குற வேலை என்னோடது இல்லம்மா. உங்கப்பாவக் கேளு," என்றேன்.

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து என் தோளில் ஒரு குத்து குத்திவிட்டு ஏறிக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லை, கவனித்தீர்களா? போடவில்லை என்று நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை.

கீச்சுச் சத்தம் வரவில்லை. அது ஒன்றுதான் நான் எதிர்பாராதது. கடைசி வளைவு வரைக்கும் அந்த போர்க் வாயே திறக்கவில்லை. கேமரா எல்லாவற்றையும் பிடித்துவிட்டது, நீங்கள் பார்த்திருப்பீர்கள், நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் அக்கா என் தோளில்தான் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் எதிர்ச்சுவரில் சாய்ந்து, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். இப்போதும் வாஷர் டப்பாவைத் திறக்க எனக்கு தைரியம் இல்லை. அன்பு இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் ஆட்களில் ஒருவர் பெயின்ட்டை அவசரப்படாமல், தண்ணீர் தொட்டு, ஒவ்வொரு கோட்டாக இழைத்து எடுத்திருக்கிறார். நீலம், பிரைமர், அதற்கும் கீழே எஃகு, எஃகின்மேல் பென்சில் வட்டம் கலையாமல் இருந்தது என்கிறீர்கள். கெட்டிக்காரர், அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆக, நான் பார்த்தேன். பார்த்து, தட்டி, தெரிந்துகொண்டு, அடித்தேன். அவள் கேட்டபோது சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பதில் இதுதான், தேதி போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அத்தான் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒரே ஒரு சின்ன உதவி. காலையில் அத்தானின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்களே, வலது கால் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் இருந்தது என்று. அதற்குப் பிறகு ஏன் விட்டுவிட்டீர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறாரே. "எங்க மச்சான் பாப்பான்னு இருந்தேன். அவன் வட்டம் போட்டு அனுப்பலன்னா வண்டி சரியா இருக்குன்னு அர்த்தம். இருபத்திரண்டு வருஷமா என் கண்ண விட அவன் கண்ணத்தான் நம்புறேன்." இப்படித்தானே இருந்தது? ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லையே?

அந்தப் பக்கத்தை எடுத்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள். கொஞ்சம் சத்தமாக வாசித்தால் நல்லது, வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.